எஃப்.ஐ.ஆர். பறக்கும், தீர்ப்பு நடந்து வரும்

கேள்வி: நாடு முழுக்க போலீஸ், கோர்ட், சிறை எல்லாம் குற்றவாளிகளின் விவரங்களை ஒரே கம்ப்யூட்டர் வலையில் பகிர்ந்துகொள்வது நல்ல விஷயம்தானே? சிலர் ஏன் இதை எதிர்க்கிறார்கள்? தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்? போலீஸ் மேல் அவ்வளவு அவநம்பிக்கையா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: நல்ல விஷயம்தான். ஓசூரில் கைவரிசை காட்டிவிட்டு எல்லை தாண்டினால், அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஆளை யாரென்றே தெரியாது என்ற நிலை வெகுகாலம் இருந்தது. கடிதம் எழுதி, பதிலுக்குக் காத்திருந்து, நினைவூட்டல் அனுப்பி விசாரித்த காலம் அது. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2009-ல், காவல் நிலையங்களைக் கம்ப்யூட்டரில் இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. இன்று 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவல் நிலையங்கள் அதில் இணைந்திருக்கின்றன. அதோடு கோர்ட், சிறை, தடயவியல் கூடம், அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஆகியவற்றையும் கோத்தது ஐ.சி.ஜே.எஸ். அதன் இரண்டாம் கட்டத்துக்கு 2022-ல் 3,375 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஒரு தகவலை ஒரே ஒரு முறை பதிந்தால் போதும், எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் அடிப்படை. இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்பவன் நான் இல்லை.

ஆனால் ‘குற்றவாளிகளின் விவரங்கள்’ என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. அந்த வலைக்குள் போக குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறினால் போதும்.

சாலை மறியலில் நின்ற ஒரு கல்லூரி மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று ராத்திரியே அவன் பெயர் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்தில் இணையத்திலும் போட வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது (கைதானவருக்கு உதவத்தான் சொன்னது, பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு). நாலைந்து வருஷம் வழக்கு நடந்து அவன் விடுதலை ஆகிறான் என்று வையுங்கள். அந்தச் சேதி ஸ்டேஷன் கணக்கில் எப்படி ஏறும்? கோர்ட் டியூட்டி பார்க்கும் காவலர் தீர்ப்பு விவரத்தைக் கொண்டுவர வேண்டும். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் அதை எடுத்துப் பதிய வேண்டும். ரைட்டருக்கு அன்று தேர்தல் பந்தோபஸ்து. அடுத்த மாதம் அவருக்கே டிரான்ஸ்ஃபர். புதிதாக வருகிறவருக்குப் பழைய கட்டைப் புரட்ட நேரம் ஏது? பையன் திரையில் இன்னமும் ‘பி.டி. கேஸ்’, அதாவது விசாரணை நிலுவையில் உள்ள ஆசாமி.

வழக்கு உள்ளூரிலேயே கிடந்தவரை, ஏட்டையாவைப் பார்த்துத் தீர்ப்பு நகலைக் காட்டினால் விஷயம் முடிந்துவிடும். இப்போது அவன் வேலைக்குப் போயிருக்கும் ஹைதராபாத்தில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறான். வழக்கு நிலுவை என்றால் கோர்ட் அனுமதி கேட்பார்கள். அங்கே திரையைப் பார்க்கும் அதிகாரிக்கு இவனையும் தெரியாது, இவன் ஊரையும் தெரியாது. திரை சொல்வதுதான் அவருக்கு உண்மை. அவர் மேல் தப்பும் இல்லை.

தீர்ப்பு மெதுவாகப் போவது என் கற்பனை இல்லை. 2021 ஜூலையில், உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்த 13 பேர் உத்தரவு வந்து சேரவில்லை என்று ஆக்ரா சிறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். குற்றம் நடந்தபோது சிறுவர்களாக இருந்தவர்கள் அவர்கள். உத்தரவு கொண்டுவரும் புறாவுக்காக இன்னமும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோமா என்று தலைமை நீதிபதி ரமணா கடிந்துகொண்டார். அதன் பிறகுதான் 2022-ல் ‘ஃபாஸ்டர்’ என்ற மின்வழி ஏற்பாடு வந்தது. ராக்கெட் விடும் நாட்டில் ஒரு ஜாமீன் உத்தரவு போய்ச் சேர தலைமை நீதிபதியே சத்தம் போட வேண்டியிருந்தது.

அடுத்து, 2022-ன் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம். கைரேகை, கருவிழி, கையெழுத்து, குறிப்பிட்ட வழக்குகளில் ரத்த மாதிரி வரை எடுக்கலாம். தண்டனை பெற்றவர்களிடம் மட்டுமல்ல, கைதானவர்களிடமும் எடுக்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் இதை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம், எந்தச் சட்ட அமலாக்க அமைப்புக்கும் தரலாம். இதற்கு முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையாகி, மேல்முறையீடுகளும் முடிந்துவிட்டால் பதிவை அழிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. நீதிமன்றம் காரணம் எழுதி வேறு விதமாக உத்தரவிடாத வரை. சரி, யார் ஆரம்பித்து வைப்பது? விதிகளைப் பார்த்தால், அழிக்கச் சொல்லும் கோரிக்கை அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் போக வேண்டும். அவர் சரிபார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். நடைமுறையில், பதியும்போது உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். அழிப்பதற்கு நீங்கள்தான் அலைய வேண்டும்.

நம் ஊர்ப் பெயர்கள் இன்னொரு தலைவலி. எஸ். முருகன் என்று தேடினால் எத்தனை முருகன் வருவார்கள்? கைரேகை இருந்தால் பிரித்துவிடலாம். நாஃபிஸ் என்ற தேசியக் கைரேகைத் திட்டத்தில் கைதாகும் ஒவ்வொருவருக்கும் பத்து இலக்க எண்ணே தருகிறார்கள். ஆனால் எஃப்.ஐ.ஆரில் பெயர் மட்டும் ஏறி, கைதே ஆகாதவருக்கு ஏது ரேகை?

பயம் பற்றிக் கேட்டீர்கள். காவலர் வேலைக்கான தமிழ்நாட்டு விதிகளில் ஒரு விளக்கம் இருக்கிறது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்யப்பட்டவரும் ‘குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர்’ என்றே கருதப்படுவார். தப்பு செய்யவில்லை என்றாலும், அதைக் கோர்ட் எந்த வார்த்தையில் சொன்னது என்று பார்த்துத்தான் அவருக்கு யூனிஃபார்ம். 2024-ல் டெல்லி வழக்கொன்றில், சரித்திரப் பதிவேடு (ரவுடிகளைப் பற்றி ஸ்டேஷனில் வைத்திருக்கும் ‘ஹிஸ்டரி ஷீட்’) போலீசின் உள் ஆவணம், அது வெளியே போகக் கூடாது, வீட்டிலுள்ள சிறுவர்களின் விவரத்தை அதில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அப்பா ரவுடி பட்டியலில் இருந்தால் பிள்ளை செய்த தப்பு என்ன?

போலீஸ் மேல் எனக்கு அவநம்பிக்கை இல்லை. ரைட்டரின் நேரத்தை நம்பித்தான் ஒருவனுடைய பெயர் சுத்தமாகும் என்ற ஏற்பாட்டின் மேல்தான் அவநம்பிக்கை. கோர்ட் கம்ப்யூட்டரையும் ஸ்டேஷன் கம்ப்யூட்டரையும் கோடி கோடியாகக் கொட்டி இணைத்தாயிற்று. தீர்ப்பு பதிவான அன்றே, அது எங்கெல்லாம் பகிரப்பட்டதோ அங்கெல்லாம் தானாகவே ‘விடுதலை’ என்று மாறட்டும். அழிக்க வேண்டிய கைரேகை, யாரும் மனு போடாமலே அழியட்டும். அதைச் செய்துவிட்டால், பகிர்வதை எதிர்ப்பவர்களிடம் நானே உங்கள் பக்கம் நின்று பேசுகிறேன்.