ஆங்கிலத்தில் 'எ', 'ஆன்', 'தி': கேள்வி பதில்

கேள்வி: நாலு நாற்காலி, ஒரு மேசை என்று எண்ண முடிகிறதே சார், பிறகு 'ஃபர்னிச்சர்ஸ்' ஏன் தப்பு?

பதில்: நீங்கள் எண்ணுவது நாற்காலியையும் மேசையையும். ஃபர்னிச்சர் என்பது அத்தனைக்குமான மொத்தப் பெயர். லக்கேஜ், எக்விப்மென்ட் இதே ரகம். எண்ணியே தீர வேண்டுமென்றால் 'ஃபோர் பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்'. சந்தேகம் வந்தால் மாணவர்களுக்கான ஆங்கில அகராதியைப் புரட்டுங்கள். சொல்லுக்குப் பக்கத்தில் 'சி' என்றிருந்தால் எண்ணலாம், 'யு' என்றிருந்தால் கூடாது.

கேள்வி: 'ஐ ஹேவ் மெனி ஒர்க்ஸ் டுடே' சரியா?

பதில்: ஆபீஸ் மெயிலில் அடிக்கடி தலைகாட்டும் தப்பு. வேலை என்ற பொருளில் ஒர்க் 'யு'. 'எ லாட் ஆஃப் ஒர்க்' என்று எழுதுங்கள். எழுத்தாளரின் படைப்புகள் என்றால்தான் ஒர்க்ஸ். பொருள் மாறினால் சொல்லும் கட்சி மாறிவிடும். ரெஸ்யூமேயில் 'ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்', அங்கே அது 'யு'. நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் 'எ பேட் எக்ஸ்பீரியன்ஸ்'. எழுதுகிற தாள் வெறும் பேப்பர். நாளிதழ் என்றால் 'எ பேப்பர்'. அட்வைஸ், இன்ஃபர்மேஷன் இரண்டிலும் எஸ் ஒட்டவே ஒட்டாது.

கேள்வி: எம்.எல்.ஏ.வுக்கு முன்னால் எதைப் போடுவது? எம் உயிரெழுத்து இல்லையே?

பதில்: ஆன். எழுத்து கணக்கில்லை, ஒலிதான் கணக்கு. எஃப்.ஐ.ஆர்., எஸ்.எம்.எஸ். எல்லாவற்றுக்கும் ஆன். ஹவர் என்பதில் எச் ஒலிக்காது, அதற்கும் ஆன். யுனிவர்சிட்டி, யு.பி.எஸ். இரண்டும் யகர ஒலியில் தொடங்குவதால் 'எ'. இதில் நமக்கு ஒரு வம்பு உண்டு: பேச்சுவாக்கில் 'யெம்மெல்லே' என்கிறோம். அப்படிச் சொல்லிப் பார்த்தால் 'எ'தான் சரியென்று படும். யகரத்தை உதறிவிட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: 'ஐ ஆம் இன்ஜினியர்' என்றாலே புரிகிறதே?

பதில்: புரியும், ஆனாலும் தப்புதான். 'நான் இன்ஜினியர்' என்கிற தமிழ்ப் பழக்கம் அது. ஆங்கிலத்தில் ஒருமையிலிருக்கும் 'சி' சொல் மொட்டையாக நிற்காது. எ, ஆன், தி, மை, திஸ் என்று ஏதாவது ஒன்று முன்னால் வேண்டும். எழுதி முடித்ததும் ஒருமைச் சொற்களை மட்டும் தேடிப் பார்த்தால் பாதித் தப்பு அகப்பட்டுவிடும். 'பை பஸ்', 'கோ டு ஸ்கூல்' போன்றவை விலக்கு. பிள்ளை படிக்கப் போவது 'டு ஸ்கூல்'. ஃபீஸ் கட்ட அப்பா போவது 'டு தி ஸ்கூல்'.

கேள்வி: ஆறு, மலைக்கெல்லாம் 'தி' வருமா?

பதில்: ஆறு, கடல், மலைத்தொடருக்கு வரும்: தி வைகை, தி நீல்கிரிஸ். தனிச் சிகரத்துக்கும் ஊருக்கும் வராது: தொட்டபெட்டா, மதுரை. நாடுகளுக்குப் பொதுவாக வேண்டாம். தி மால்டீவ்ஸ், தி பிலிப்பைன்ஸ் போன்ற பன்மைப் பெயர்களுக்குப் போடுங்கள்.