மோட்டார்ஹோமில் பயணம் செய்யும்போது ஓய்வு நாள்களையும் மாலை வேளைகளையும் எப்படித் திட்டமிடுவது?

டிசம்பரில் பெற்றோரையும் சிறு வயது மகளையும் அழைத்துக்கொண்டு நியூசிலாந்தின் தென் தீவை மோட்டார்ஹோமில் (படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டியில்) சுற்றப் போவதாகவும், இடையில் வண்டி ஓட்டாத நாள்கள் தேவையா, மாலையில் எங்கெல்லாம் போகலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு நாள்கள் கட்டாயம் தேவை. வழித்தடத்தைப் போட்டபின் மிஞ்சும் நாள்களை ஓய்வுக்கு ஒதுக்காமல், எந்த ஊர்களில் இரண்டு இரவுகள் தங்குவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அவற்றை இணைக்கும் விதமாக வழியைப் போடுங்கள். என் மனைவியுடனும் மாமனார் மாமியாருடனும் அதே தீவில் பயணம் செய்தபோது எங்களுக்கு மிகவும் உதவியது இந்த ஒன்றுதான்.

காரணம் எளிது. காரில் சென்று விடுதியில் தங்குபவர்கள் மாலையில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். மோட்டார்ஹோமிலோ கிளம்புவதென்றால் வீட்டையே கிளப்ப வேண்டும்: மின்கேபிளைக் கழற்றிச் சுருட்ட வேண்டும், கேஸ் வால்வை மூட வேண்டும், கூரைச் சாளரத்தை இறக்க வேண்டும், அடுப்படியில் இருக்கும் ஒவ்வொரு தம்ளரையும் அலமாரியில் வைத்துத் தாழிட வேண்டும், படுத்திருக்கும் பெரியவர்களை எழுப்பி இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைக்க வேண்டும். ஆகவே, தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கிருந்து மாலையில் நடந்தே எங்கெல்லாம் போய்வரலாம் என்று பாருங்கள். வாடகையைவிடவும் வசதிகளைவிடவும் இதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

இதற்கு மிகப் பொருத்தமான ஊர், கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து சுமார் மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் டெகாப்போ. ஏரிக்கரையிலுள்ள ஹாலிடே பார்க்கில், அதாவது இத்தகைய வண்டிகள் கட்டணம் செலுத்தித் தங்கும் முகாமில், மின் இணைப்புள்ள இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டால், வெந்நீர்க் குளங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. மவுண்ட் ஜான் குன்றுக்கு ஏறும் நடைபாதையும் அருகிலேயே தொடங்குகிறது. எதிர்ப்பக்கம் கரையோரமாக நடந்து, ஆற்றின் மேலுள்ள நடைபாலத்தைக் கடந்தால், 1935இல் கட்டப்பட்ட சிறிய கல் தேவாலயத்தை ஏறக்குறைய அரை மணி நேரத்தில் அடையலாம். பனியாறுகள் பாறையை அரைத்து உண்டாக்கிய மாவு போன்ற துகள்கள் நீரில் மிதப்பதால்தான் அந்த ஏரி பால் கலந்த நீலநிறமாகத் தெரிகிறது. மாலை வெயில் சாயும்போது அந்த நிறம் மாறுவதைப் பார்க்கவே கரையில் ஒரு மணி நேரம் உட்காரலாம்.

டெகாப்போவைச் சுற்றியுள்ள பகுதி 2012 முதல் பன்னாட்டு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது; தெருவிளக்குகளின் ஒளிகூட மேலே சிதறாதபடி தரையை நோக்கியே விழும். தென் சிலுவை என்னும் விண்மீன் கூட்டத்தையும், மெகல்லன் மேகங்கள் எனப்படும் இரு சிறு விண்மீன் மண்டலங்களையும் வெறும் கண்ணால் தெளிவாகக் காணலாம். ஆனால் உங்கள் மாதத்தைக் கவனத்தில் கொள்ளுங்கள். அங்கே அது கோடைக்காலம் என்பதால் டிசம்பர் இறுதியில் சூரியன் மறைவதே இரவு ஒன்பதரை மணி அளவில்தான். வானம் முழுமையாக இருட்ட பதினொன்றுக்கும் மேலாகிவிடும். நட்சத்திரம் பார்க்கும் இரவுக்கு மறுநாள் வண்டி ஓட்டாத நாளாக அமைய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். மகளை மதியம் தூங்க வையுங்கள். இரவு உணவை வண்டியிலேயே சமைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் சிற்றூர் உணவகங்கள் வெளிச்சம் இருக்கும்போதே சமையலறையை மூடிவிடுகின்றன.

அடுத்து இரண்டு இரவுகள் தங்கத் தகுந்த இடம், அயோராக்கி என்னும் மவுண்ட் குக் அடிவாரத்தில் உள்ள ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாம். அங்கே மின் இணைப்பு கிடையாது என்பதால், முந்தைய இரவே பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, குடிநீர்த் தொட்டியை நிரப்பி, கேசட் டாய்லெட்டை (கழற்றி எடுக்கும் கழிவுப்பெட்டியுள்ள கழிப்பறையை) காலி செய்துவிட்டுப் போங்கள். முகாமிலிருந்தே தொடங்கும் கீ பாயிண்ட் நடைபாதை போய்வர ஒரு மணி நேரமே ஆகும். என் மாமியார் கைத்தடியுடன் நிதானமாக நடந்து முடித்தார். இரவு உணவுக்குப் பிறகும் வெளிச்சம் மிச்சமிருப்பதால், பகல் கூட்டம் போனபின் அங்கே போனோம். எதிரே செஃப்டன் சிகரத்தின் சரிவில் பனிப்பாளம் உடைந்து விழும் ஓசை இடியைப் போலக் கேட்டது. ஓசை வந்த திசையில் பார்த்தால், வெண்பொடி மட்டும் பாறை மேல் மெதுவாக வழிந்துகொண்டிருந்தது. கீ என்னும் மலைக்கிளிகள் வண்டிகளின் ரப்பர் பட்டைகளைக் கொத்திப் பிய்க்கும். அவற்றுக்குத் தயவுசெய்து எந்த உணவும் கொடுக்காதீர்கள், அது அவற்றின் உயிருக்கே கேடு.

கிழக்குக் கரையில் ஓமரூ ஊரின் மாலை வேறு வகையானது. வெண்சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பழைய கட்டடங்கள் நிறைந்த துறைமுகத் தெருவில் உலவிவிட்டு, பழைய கல்குவாரியில் அமைந்த நீலப் பென்குயின் வாழிடத்துக்கு நடந்தே போகலாம். ஏறத்தாழ ஒரு கிலோ எடை மட்டுமே உள்ள அந்தப் பறவைகள், பகலெல்லாம் கடலில் இரை தேடிவிட்டு, இருட்டத் தொடங்கியதும் கூட்டமாகக் கரையேறும். படம் எடுக்க அனுமதி இல்லை; அதனாலேயே எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். வண்டியை அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தால், கிளப்பும் முன் சக்கரங்களுக்கு அடியில் குனிந்து பார்த்துவிடுங்கள்.

ஓய்வு நாளின் காலை வீட்டு வேலைக்கு உரியது. துணி துவைப்பதையும் டம்ப் ஸ்டேஷனில் கழிவுநீரை இறக்குவதையும் மளிகை வாங்குவதையும் பத்து மணிக்குள் முடித்துவிட்டால், எஞ்சிய நாள் உண்மையிலேயே ஓய்வாக இருக்கும். பெரியவர்களிடம் அன்றைக்கென்று எந்தத் திட்டமும் சொல்லாதீர்கள். என் மாமனார் ஏரிக்கரையில் நாற்காலி போட்டு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தார். பயணத்திலேயே தமக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான் என்று இன்றும் சொல்கிறார்.

இலவச இடங்களில் தங்கிப் பணத்தை மிச்சப்படுத்த நினைத்தால், குடிநீரையும் கழிவுநீரையும் வண்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ள முடியும் என்று காட்டும் தன்னிறைவுச் சான்றிதழ் உங்கள் வண்டிக்கு இருக்கிறதா என்று வாடகைக்கு எடுக்கும்போதே கேளுங்கள். 2023இல் வந்த சட்டம் அதற்கு வண்டியில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட கழிப்பறையைக் கேட்கிறது. எனினும் இரண்டு இரவு தங்கும் ஊர்களில் கட்டணம் செலுத்தி ஹாலிடே பார்க்கிலேயே இருங்கள். கடைசி இரவை மட்டும் கிறைஸ்ட்சர்ச்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டால், வண்டியைத் துடைத்து, தொட்டிகளைக் காலி செய்து, டீசல் நிரப்பி ஒப்படைக்கும் வேலை எவரையும் விரட்டாமல் முடியும்.