சேர்மனை மாற்றுவதா, சி.இ.ஓ.வை மாற்றுவதா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் விவசாயிகளே பங்குதாரர்களாக இருந்து நடத்தும் ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நான் இயக்குநர். போர்டில், அதாவது இயக்குநர் குழுவில், மொத்தம் பத்துப் பேர். சீசனில் உறுப்பினர்களிடம் தோத்தாபுரி மாங்காய் எடுத்து கூழ் ஆலைகளுக்குக் கொடுக்கிறோம். ஒரு ஆலையில் மட்டும் 8 லட்சம் நிலுவை. சேர்மன் தினமும் ஆபீசுக்கு வந்து எல்லாவற்றையும் அவரே முடிவு செய்கிறார். இப்போது இருப்பவர் மூன்றாவது சி.இ.ஓ., அவரும் கிளம்பப் பார்க்கிறார். யாரை மாற்றினால் நிறுவனம் தேறும்?

பதில்: இப்போதைக்கு யாரையும் மாற்றாதீர்கள். மூன்று பேர் வந்து மூன்று பேருமே தங்கவில்லையென்றால் நான்காவது ஆளும் தங்கமாட்டார். முதலில் உங்கள் மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து, அந்த ஆலைக்குக் கடனுக்குக் காய் ஏற்றலாம் என்று எந்தக் கூட்டத்தில் முடிவானது என்று தேடிப் பாருங்கள். அநேகமாகக் கிடைக்காது. "சென்ற கூட்ட நடவடிக்கை வாசிக்கப்பட்டது, வரவு செலவு ஏற்கப்பட்டது, நன்றியுரையுடன் கூட்டம் நிறைவுற்றது" என்றுதான் பக்கம் பக்கமாக இருக்கும். 8 லட்சம் போன வழி அதில் இருக்காது.

கம்பெனிகள் சட்டத்தில் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கென்று 2020-ல் தனி அத்தியாயமே சேர்த்தார்கள். அதன்படி கொள்கை, ஆண்டுத் திட்டம், நிதித் திட்டம், சி.இ.ஓ.வை நியமிப்பது, அவரை மேற்பார்வை பார்ப்பது எல்லாம் போர்டின் வேலை. அன்றாட நிர்வாகம், கணக்கு, ரொக்கம், போர்டு அனுமதித்த அளவில் பேங்க் கணக்கை இயக்குவது இதெல்லாம் சி.இ.ஓ. வேலை. அவர் உறுப்பினராக இருக்கக் கூடாது, ஆனால் பதவி வழியில் போர்டிலும் உட்காருவார். உங்கள் ஊரில் சேர்மன் சி.இ.ஓ. வேலையைப் பார்க்கிறார், சி.இ.ஓ. கிளார்க் வேலையைப் பார்க்கிறார், போர்டு வேலையை யாரும் பார்ப்பதில்லை.

சீசனுக்கு முன்னால் ஒரே ஒரு தாள் எழுதுங்கள். ஒரு ஆலைக்கு எவ்வளவு ரூபாய் வரை சி.இ.ஓ. தானாகக் கடன் தரலாம், அதற்கு மேல் போனால் யார் கையெழுத்து வேண்டும், எத்தனை நாள் பாக்கி நின்றால் அடுத்த லோடு ஏற்றக் கூடாது. தொகையை உங்கள் கையிருப்பைப் பார்த்து நீங்களே வையுங்கள், ஆனால் தீர்மானமாகப் போட்டு வையுங்கள். மே, ஜூனில் லாரி வரிசையில் நிற்கும்போது உட்கார்ந்து யோசிக்க முடியாது. காய் பழுத்துக்கொண்டிருக்கும், ஆலைக்காரர் "ஏத்திட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்பார். அப்புறம் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

போர்டு கூட்டம் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒன்றாவது நடக்க வேண்டும். சீசனில் மாதம் ஒன்று வையுங்கள் என்பேன். எந்த ஆலையில் எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாக என்ற பட்டியலையும், பேங்க் ஸ்டேட்மென்ட்டின் அசலையும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள், வாய்க்கணக்கு வேண்டாம். சத்யம் என்ற பெரிய சாப்ட்வேர் கம்பெனியின் போர்டில் ஹார்வர்டு பேராசிரியரே இருந்தார். ஆனாலும் பேங்கில் இருப்பதாகக் காட்டிய 5,000 கோடிக்கும் மேலான பணம் இல்லவே இல்லை என்று 2009 ஜனவரியில் அதன் சேர்மனே எழுதிக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

சி.இ.ஓ. ஓடுவதற்குச் சம்பளமும் காரணமாக இருக்கலாம். மத்திய அரசின் 10,000 உழவர் நிறுவனங்கள் திட்டத்தில் நீங்கள் இருந்தால், முதல் மூன்று ஆண்டுக்கு மாதம் 25,000 ரூபாய் வரை அரசே தரும், பிறகு நீங்கள்தான் தர வேண்டும். வருஷத்துக்கு 3 லட்சம். கிலோவுக்கு ஒரு ரூபாய் மிஞ்சினால் அவர் சம்பளத்துக்கு மட்டும் 300 டன் காய் ஓட்ட வேண்டும். இந்தக் கணக்கை போர்டு போட்டுப் பார்த்ததா? பார்த்திருந்தால் அந்த 8 லட்சம் என்பது இரண்டரை வருஷத்துக்கும் மேலான சம்பளம் என்று எல்லோருக்கும் உறைத்திருக்கும்.

இயக்குநர் எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கு வரை நிபுணர் இயக்குநர்களைச் சேர்க்கலாம். பத்துப் பேர் போர்டு என்றால் இரண்டு பேர். ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர், கூழ் வியாபாரம் தெரிந்த ஒருவர், இப்படிப் பாருங்கள். ஊர்ப் பெரிய மனுஷர் என்பதற்காக மட்டும் யாரையும் கூப்பிடாதீர்கள், தயவுசெய்து.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. இயக்குநர் யாருடைய மண்டிக்காவது காய் போகிறதா, யார் மச்சான் லாரியாவது வாடகைக்கு ஓடுகிறதா? ஓடட்டும், தப்பில்லை. ஆனால் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அந்த விஷயத்தில் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொள்வதுதான் முறை. இயக்குநருக்கோ அவருடைய உறவினருக்கோ கடன் தருவதென்றால் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும், போர்டு மட்டும் முடிவு செய்ய முடியாது.

சேர்மன் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளவில்லையென்றால்? சண்டை போடாதீர்கள். மேலே சொன்ன விஷயங்களை அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லி சி.இ.ஓ.விடம் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கூட்ட அறிவிப்பை ஏழு நாள் முன்னதாக அனுப்ப வேண்டியவர் அவர்தான். போர்டு நிராகரித்தால் உங்கள் எதிர்ப்பை மினிட்ஸில் பதியச் சொல்லுங்கள், பதிந்ததை அடுத்த கூட்டத்தில் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.