விளையாட்டுக் கருவி, தொழிற்சாலை மூலப்பொருள் இரண்டையும் தொட்டுக் காப்புரிமை வாங்கியவர்களில் உங்களைக் கவர்ந்தவர் யார்? புதுப் பொருளில் ஒரு கருவி செய்தால் பொருளுக்குக் காப்புரிமை கேட்பதா, வடிவத்துக்கா?

ஹோவர்ட் ஹெட். டென்னிஸ் மட்டைகளின் மேல் 'ஹெட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மட்டையின் தலையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு மனிதருடைய குடும்பப் பெயர். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அவர் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

என் பிழைப்பு ஒட்டுவது. அலுமினியத் தகட்டை மரத்தோடோ நுரைப் பலகையோடோ பசை தடவி, அழுத்தி, சூடேற்றி ஒன்றாக்கும் வேலை. அதனால் இந்தக் கதையில் மற்றவர்கள் தாண்டிப்போகிற இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹெட் 1914இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். ஹார்வர்டில் பொறியியல் படித்துவிட்டு, பால்டிமோரில் இருந்த க்ளென் மார்ட்டின் விமான நிறுவனத்தில் சேர்ந்தார். 1947இல் வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டோ மலைக்கு ஸ்கீ (காலில் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் பட்டை) ஓட்டப் போனார். அப்போதெல்லாம் ஸ்கீ என்றால் ஹிக்கரி மரத்தில் செதுக்கிய நீளமான, கனமான பட்டை. சறுக்கவே வரவில்லை. தன் மேல் பழி போடாமல் பட்டையின் மேல் போட்டார். விமானத்துக்குத் தாங்கள் பயன்படுத்தும் பொருளில் இதைவிட நல்லதாகச் செய்யலாமே என்று தோன்றியிருக்கிறது. ஆட வராதவன் கூடம் கோணல் என்றானாம். ஆனால் இங்கே கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது!

போக்கர் சீட்டாட்டத்தில் ஜெயித்துச் சேர்த்திருந்த 6,000 டாலரை முதலாகப் போட்டு 1948இல் வேலையை விட்டார். விமானத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது 'சாண்ட்விச்' அமைப்பு. மேலும் கீழும் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவே லேசான ஒரு நிரப்பு. வளைக்கும்போது ஒரு தகடு இழுபடும், மற்றது அமுங்கும். நிரப்பின் வேலை இரண்டையும் விலக்கிப் பிடித்திருப்பது. தகடுகள் எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு விறைப்பு, அதுவும் எடை அதிகம் கூடாமல். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் தகடும் நிரப்பும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காமல் பிடித்திருப்பது பசை மட்டும்தான். பசை விட்டால் மூன்று தனித்தனிப் பட்டைகள், அவ்வளவே.

அதிலும் ஸ்கீ ஒரு பொல்லாத பொருள். சூட்டில் ஒட்டி, உறைபனியில் ஓட்ட வேண்டும். குளிர்ந்தால் அலுமினியம் மரத்தைவிட (இழை நீளத்தில் பார்த்தால்) ஏறக்குறைய ஐந்து மடங்கு சுருங்கும். அந்த வித்தியாசம் முழுவதும் பசைக் கோட்டில்தான் போய் உட்காரும். தகட்டின் மேல் விரல்ரேகை எண்ணெய் கொஞ்சம் இருந்தாலும் போதும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், துடைத்துச் சுத்தம் செய்த தகட்டை வெறுங்கையால் எடுத்து வைத்து, ஒரு நாள் முழுக்க ஒட்டிய பலகைகளை வீணடித்திருக்கிறேன். உரித்துப் பார்த்தால் என் ஐந்து விரலும் அச்சு மாதிரி அப்படியே தெரிந்தன.

ஹெட் செய்த ஏற்பாட்டைக் கேளுங்கள். அச்சில் வைத்த ஸ்கீயை ரப்பர் பைக்குள் போட்டு, குளிர்பெட்டி கம்ப்ரஸரால் காற்றை உறிஞ்சி, வண்டி எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயைச் சுமார் 175 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சி, அந்தத் தொட்டிக்குள் இறக்கினார். புகையும் நாற்றமும் எப்படி இருந்திருக்கும்! ஆனால் தத்துவம் சரி. பைக்கு வெளியே இருக்கும் காற்றழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கும், எண்ணெய் சமமாகச் சூடேற்றும். இன்று பெரிய தொழிற்சாலைகளில் வெற்றிடப் பையும் அடுப்பும் வைத்துச் செய்வதும் இதேதான்.

முதலில் செய்த ஆறு ஜோடியையும் ஸ்டோ பயிற்சியாளர்கள் ஓட்டிப் பார்த்து ஒவ்வொன்றாக உடைத்துக் கொடுத்தார்கள். நடுவில் இருந்தது தேன்கூடு வடிவ பிளாஸ்டிக். அதை எடுத்துவிட்டு ஒட்டுப்பலகை வைத்தார். அலுமினிய அடிப்பக்கத்தில் பனி அப்பிக்கொண்டது. ஃபீனாலிக் பிளாஸ்டிக் தகடு ஒட்டினார். ஓரம் மழுங்கியது. எஃகு ஓரம் பதித்தார். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். மூன்று குளிர்காலம், ஏறக்குறைய 40 மாதிரிகள். 1950இல்தான் உடையாத ஒன்று கிடைத்தது. ஜோடி 85 டாலருக்கு விற்றார். திருப்புவதற்கு அவ்வளவு சுலபமாக இருந்ததால் பழைய ஆட்கள் அதற்கு 'ஏமாற்றுப் பட்டை' என்கிற அர்த்தத்தில் பட்டப்பெயரே வைத்தார்கள்.

உலோக ஸ்கீ செய்த முதல் ஆள் இவர் இல்லை. அதற்கு முன்பே சான்ஸ் வாட் விமான நிறுவனத்தின் பொறியாளர்கள் மூவர் 'ட்ரூஃப்ளெக்ஸ்' என்ற அலுமினிய ஸ்கீயை விற்பனைக்கே விட்டிருந்தார்கள். அதனால் உலோக ஸ்கீ என்ற எண்ணத்துக்கே உரிமை கொண்டாட ஹெட்டால் முடியாது. உலோகத்தையும் மரத்தையும் எப்படி அடுக்குவது, ஓரத்தை எப்படிப் பதிப்பது என்ற கட்டுமானத்துக்குத்தான் 1950களில் காப்புரிமை கிடைத்தது. நல்ல காப்புரிமைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது அந்தப் பொருள்களோடு கட்டிப்போட்ட காப்புரிமை. 1960களில் கண்ணாடி இழை ஸ்கீ வந்தது. அதைச் செய்தவர்கள் இவர் வேலியை உடைக்கவில்லை, சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உலோக ஸ்கீ வேகத்தில் அதிர்ந்தது. ரப்பர் அடுக்கு ஒன்றை நடுவில் வைத்து அதை அடக்கிப் பார்த்தார். இருந்தும் பந்தயக்காரர்கள் மெல்ல இழைப் பக்கம் சாய்ந்தார்கள். 1969இல் நிறுவனத்தை ஏ.எம்.எஃப். குழுமத்துக்கு 1.6 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்.

கையில் பணம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. டென்னிஸ் கற்க ஆரம்பித்தார். மறுபடியும் வரவில்லை. மறுபடியும் மட்டையைத்தான் குற்றம் சொன்னார்! பயிற்சிக்காக வாங்கிய பந்து வீசும் எந்திரம் சரியில்லை என்று அதைச் செய்த பிரின்ஸ் என்ற சிறு நிறுவனத்துக்குள்ளேயே 1971இல் நுழைந்துவிட்டார்.

அவர் கவனித்தது இது. பந்து நட்ட நடுவில் படாமல் சற்று விலகிப் பட்டால் மட்டை கையில் முறுக்கிக்கொள்கிறது. முறுக்கை எதிர்ப்பது நிலைமத் திருப்புத்திறன். அது எடைக்கு நேர் விகிதம், மட்டையின் நடுவே நீளவாக்கில் போகும் அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதம். எடையைக் கால் பங்கு கூட்டினால் கால் பங்குதான் லாபம், கையும் வலிக்கும். அதே எடையை வைத்துக்கொண்டு அகலத்தைக் கால் பங்கு கூட்டினால் ஒன்றரை மடங்குக்கும் மேல். பள்ளிக்கூட இயற்பியல்தான். ஆனால் அன்று டென்னிஸ் விதிகளில் மட்டையின் அளவுக்கு எந்த வரம்பும் கிடையாது என்பதையும் பார்த்துவிட்டு, தைரியமாகத் தலையை அகலமாக்கினார். வழக்கமான மர மட்டையின் வலைப்பரப்பு 70 சதுர அங்குலத்தை ஒட்டி இருந்த காலத்தில் இவருடையது 110. மரத்தில் அவ்வளவு பெரிய தலை செய்தால் கனக்கும், வளையும். அலுமினியக் குழாய் அதைத் தாங்கியது.

1976 டிசம்பரில் அமெரிக்கக் காப்புரிமை வந்தது. இந்த முறை அவர் கோரியது அலுமினியத்தை அல்ல. ஏறக்குறைய 85 முதல் 130 சதுர அங்குலம் வரை வலைப்பரப்பு உள்ள மட்டை, அதாவது அளவையே கோரினார். பின்னால் கிராஃபைட் வந்தது, இழைக் கலவைகள் வந்தன. எதில் செய்தாலும் அந்த அளவுக்குள் விழுந்தால் இவரிடம் வந்தாக வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. ஹெட் நிறுவனம் 1969இலேயே டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் பெயரில் அலுமினியமும் கண்ணாடி இழையும் அடுக்கிய மட்டை செய்திருந்தது, அப்படியே ஸ்கீ சாண்ட்விச். ஆனால் இப்போது பெரிய தலை வைக்க நினைத்தால் அவர் பெயரைத் தாங்கிய அந்த நிறுவனத்துக்கும் அவர் காப்புரிமைதான் குறுக்கே நின்றது.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். 1978 அமெரிக்க ஓபனில் 16 வயது பாம் ஷ்ரைவர் அந்தப் பெரிய மட்டையோடு முன்னணி வீராங்கனை நவரத்திலோவாவை வென்று இறுதிக்குப் போனதும் சிரிப்பு நின்றது. 1982இல் பிரின்ஸ் 6.2 கோடி டாலருக்கு விலைபோனது. அடுத்த ஆண்டு யானிக் நோவா பிரெஞ்சு ஓபனை மர மட்டையோடு வென்றார். ஆண்கள் ஒற்றையர் கிராண்ட்ஸ்லாமில் மரத்துக்கு அதுவே கடைசி வெற்றி.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பொருள்தான் உங்கள் கண்டுபிடிப்பு என்றால் அதைக் கோருவதைத் தவிர வேறு வழியில்லை. பசையையோ ரப்பரையோ கண்டுபிடித்தவர் வடிவத்தைக் கோரி என்ன செய்வது? ஆனால் ஏற்கெனவே உள்ள பொருளை வைத்து ஒரு கருவி செய்திருக்கிறீர்கள் என்றால், அது ஏன் வேலை செய்கிறது என்று முதலில் கேளுங்கள். காரணம் அளவிலோ வடிவிலோ இருந்தால், விண்ணப்பத்தில் பொருளின் பெயரைத் தேவையில்லாமல் எழுதி உங்களை நீங்களே கட்டிப்போட்டுக்கொள்ளாதீர்கள். அகலமாகக் கோருவதிலும் ஆபத்து உண்டு. முன்பே யாராவது செய்திருந்தால் மொத்தமும் கவிழும். இந்த விஷயத்திலேயே ஜெர்மனியில் சற்றுப் பெரிய தலை கொண்ட மர மட்டை ஒன்று முன்பே விற்பனைக்கு வந்திருந்தது. ஆகவே நல்ல காப்புரிமை முகவர் ஒருவரிடம் தேடச் சொல்லுங்கள், அதற்கு முன் கருவியை வெளியே யாருக்கும் காட்டாதீர்கள்.

டென்னிஸ் மட்டைக் காப்புரிமையின் எண் 3,999,756. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. படங்களை விட்டுவிட்டுக் கடைசியில் உள்ள உரிமைக் கோரிக்கைகளிலிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.