சுருக், திகுதிகு, மதமதப்பு: நரம்பு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், வயது 52. புறங்கையில் பச்சை நரம்பு புடைத்துக்கொண்டு தெரிகிறது. நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள். மாத்திரை எடுக்கவேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் பார்ப்பது நரம்பே இல்லை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப்போகும் சிரை அது. வயதாக ஆகத் தோலுக்கடியில் கொழுப்பு குறையும், அதனால் எடுப்பாகத் தெரிகிறது. நம் பேச்சில் ‘நரம்பு’ என்ற ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. ஊசி போடும்போது ‘நரம்பு கிடைக்கலை’ என்றால் சிரை. ராத்திரி கெண்டைக்காலில் ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்றால் தசைப்பிடிப்பு. விரலை மடக்கும்போது மணிக்கட்டில் கயிறு மாதிரி எழும்புவது தசைநாண்.

உண்மையான நரம்பைத் தொட்டுப் பார்க்க ஆசை என்றால், முழங்கையின் உள்பக்க எலும்பு முட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே விரலை வைத்துக் குறுக்கே மெதுவாக உருட்டுங்கள். கயிறு ஒன்று நழுவும், சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்கும். அதுதான் அல்நார் நரம்பு. தட்டியது முழங்கையில், கூசியது சுண்டுவிரலில். நரம்பின் நடுவில் எங்கே தொட்டாலும், அந்த நரம்பு எங்கிருந்து செய்தி கொண்டுவருகிறதோ அங்கேதான் உணர்வு என்று மூளை படித்துக்கொள்ளும். கீழே வரும் பாதிப் பதில்களுக்கு இதுதான் சாவி.

‘நரம்புத் தளர்ச்சி’ ஒரு நோயின் பெயர் அல்ல. கை நடுக்கமா, பலக்குறைவா, மரப்பா, பதற்றமா? நான்குக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

கேள்வி: நிலைப்படியில் கால்விரலை இடித்தால் முதலில் ‘சுருக்’, ஒரு நொடி விட்டுத் ‘திகுதிகு’ என்று எரிகிறது. இடித்தது ஒருமுறை, வலி ஏன் இரண்டுமுறை?

பதில்: நீங்கள் சொன்ன இரண்டு சொல்லும் இரண்டு வகை நரம்பிழைகளின் வேலை. ‘சுருக்’கைக் கொண்டுபோவது ஏ-டெல்டா இழை. அதன்மேல் மயலின் என்ற கொழுப்பு உறை மெல்லிசாக உண்டு, வேகம் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். ‘திகுதிகு’வைக் கொண்டுபோவது சி இழை. அதற்கு உறையே கிடையாது, வேகம் நொடிக்கு 0.5 முதல் 2 மீட்டர்தான். கால்விரலிலிருந்து தண்டுவடம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம். அந்த ஒரு நொடி இடைவெளி அங்கேதான் போகிறது. மூக்கில் இடித்துக்கொண்டால் தூரம் குறைவு, இரண்டும் ஒன்றாகவே வந்துவிடும்.

இடித்த இடத்தைத் தேய்க்கிறோமே, அதற்கும் காரணம் உண்டு. தொடு உணர்வு வரும் தடித்த இழைகள், தண்டுவடத்தின் நுழைவாயிலிலேயே வலிச் செய்தியை ஓரளவு அடக்குகின்றன. மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-இல் சொன்ன கருத்து இது. பின்னால் நுணுக்கங்கள் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிற்கிறது.

கேள்வி: சம்மணம் போட்டு அரைமணி உட்கார்ந்தால் கால் மரத்துவிடுகிறது. எழுந்ததும் ஊசி குத்துவதுபோல் தாங்கமுடியவில்லை. ரத்த ஓட்டம் நின்றுபோகிறதா?

பதில்: காலுக்கான ரத்தம் நிற்பதில்லை. நரம்பும் அதற்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களும் அமுங்கி, செய்தி கடத்துவது தடைப்படுகிறது. அழுத்தம் போனதும் இழைகள் ஒழுங்கில்லாமல் தாமாகவே துடிக்கும். அதுதான் எறும்பு ஊர்வது, ஊசி குத்துவது. திரும்பி வருவதன் அடையாளம், பயப்படவேண்டாம். ஆனால் உடனே எழுந்து நடக்காதீர்கள். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற தகவலும் போயிருக்கும், கணுக்கால் மடங்கிச் சுளுக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம். முழங்காலுக்கு வெளிப்புறம் சற்றுக் கீழே ஓர் எலும்பு முட்டு இருக்கிறதல்லவா, அதைச் சுற்றி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. மணிக்கணக்கில் குத்தவைத்து வேலை செய்பவர்கள், சட்டென்று உடல் எடை இழந்தவர்கள் ஆகியோருக்கு அது நசுங்கிப் பாதம் தொங்கிவிடும். குதிகாலில் நின்று முன்பாதத்தைத் தூக்கமுடியவில்லை, நடக்கையில் விரல் தரையில் உரசுகிறது என்றால் அது வெறும் மரப்பு இல்லை. அந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: தையல் மிஷினில் வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு வலது கை மதமதவென்று மரத்து எழுப்பிவிடுகிறது. உதறினால் சரியாகிறது. கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று வந்தது. கழுத்துதானா?

பதில்: கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் 40 தாண்டிய பலருக்கும் தெரியும். அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். நீங்கள் சொன்ன ‘உதறினால் சரியாகிறது’ என்ற ஒரு வரி மணிக்கட்டைத்தான் காட்டுகிறது.

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய சுரங்கம். அதற்குள் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கினால் சுரங்கத்துக்குள் அழுத்தம் ஏறி நரம்பு நசுங்கும். மரத்திருக்கும்போதே விளக்கைப் போட்டு, எந்த விரல் என்று தொட்டுப் பாருங்கள். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி என்றால் மீடியன். மோதிரவிரலில் நடுவிரல் பக்கம் மரத்து, சுண்டுவிரல் பக்கம் நன்றாக உணர்கிறது என்றால் கிட்டத்தட்ட உறுதி. சுண்டுவிரலும் அதை ஒட்டிய பாதியும் மட்டும் மரத்தால் கோளாறு முழங்கைப் பள்ளத்தில். கழுத்திலிருந்து வருவதாக இருந்தால் பெரும்பாலும் கழுத்தைத் திருப்பும்போது தோளிலிருந்து கைக்கு மின்னல் மாதிரி இறங்கும், உதறினால் போகாது.

வீட்டுச் சோதனை: இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே தொங்க, மணிக்கட்டை முழுதாக மடக்கி 60 நொடி வையுங்கள். அதே விரல்களில் மதமதப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது.

முதல் சிகிச்சை, ராத்திரி மட்டும் மணிக்கட்டுப் பட்டை, குறைந்தது ஆறு வாரம். இதில் பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. கடையில் கிடைக்கும் பட்டையின் உலோகத் தகடு பெரும்பாலும் கையை மேல்நோக்கி வளைத்தே வரும். அந்த வளைவும் சுரங்கத்தின் அழுத்தத்தை ஏற்றும். தகட்டை உருவி எடுத்து நேராக்கி மறுபடி செருகுங்கள். சர்க்கரை, தைராய்டு இரண்டும் பார்த்துவிடுங்கள். பெருவிரலின் அடிச்சதை மற்றக் கையைவிட வற்றித் தெரிந்தாலோ, பட்டன் கைநழுவி விழுந்தாலோ பட்டையை நம்பி நாள் கடத்தவேண்டாம். நரம்புக் கடத்தல் சோதனை செய்துகொண்டு, அறுவை பற்றிப் பேசுங்கள். சதை வற்றியபிறகு செய்யும் அறுவையில் வலி போகும், பலம் முழுதாக வராது.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை, பத்து வருடமாக மெட்ஃபார்மின். ராத்திரி பாதம் எரிகிறது என்கிறார். செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடந்து வருகிறார். ‘நரம்பு ஊசி’ போட்டால் சரியாகுமா?

பதில்: ஊசியைப் பிறகு பார்ப்போம், பாதத்தை முதலில் பார்ப்போம். பாதத்துக்குப் போகும் நரம்பிழைதான் உடலிலேயே நீளம். அதன் உயிரணு தண்டுவடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மீட்டர் தள்ளியுள்ள நுனிக்குத் தேவையானதையெல்லாம் அனுப்பவேண்டும். சர்க்கரையால் அந்த வழங்கல் கெடும்போது முதலில் காய்வது கடைமடைதான். அதனால் இரண்டு பாதமும் சமமாக, காலுறை போட்ட அளவுக்குப் பாதிக்கும். எரிச்சல் மெல்லிய இழைகளின் புகார். செருப்பு கழன்றது தெரியாமல் போவது தடித்த இழைகள் போனதன் அடையாளம். முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுகிறாரா என்றும் கேளுங்கள்.

இன்றே வீட்டில் செய்யக்கூடியது: அப்பாவைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் பூப்போல ஒன்றிரண்டு நொடி தொடுங்கள். அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள், தவறினால் இன்னொருமுறை தொட்டுப் பார்க்காதீர்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதுகாப்பு உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள். மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையாலும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் உறுதிசெய்வார்கள்.

உணர்வு போன காலுக்குக் கண்தான் நரம்பு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த டாக்டர் பால் பிராண்ட் காட்டியது இதைத்தான்: விரல்கள் கிருமியால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் கவனிக்காமல் விட்ட காயங்களால் அழிகின்றன. அப்பாவின் பாதத்துக்கும் இதே கதைதான். தினம் ராத்திரி உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் நீங்கள் பாருங்கள். செருப்புக்குள் கையை விட்டுப் பார்த்தபிறகே போடட்டும். வெந்நீரை முழங்கையால் சோதியுங்கள். ஆணிக்காலைப் பிளேடால் சீவவே கூடாது.

இனி ஊசி. மெட்ஃபார்மின் நெடுநாள் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், சைவ உணவுக்காரருக்கு இன்னும் எளிதில். ரத்தத்தில் அளவு பார்த்து, குறைவு என்றால் ஊசி அவசியம். பார்க்காமல் வருடக்கணக்கில் ‘நரம்புச் சத்து’ மாத்திரை விழுங்குவது நல்லதல்ல. அவற்றில் இருக்கும் பி6 அதிக அளவில் தொடர்ந்தால் அதுவே உணர்வு நரம்பைக் கெடுக்கும்.

கேள்வி: பச்சைமிளகாய் நறுக்கிய கை எரிகிறது. தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் போவதில்லையே?

பதில்: மிளகாய் ‘எரியுது’ என்று தமிழில் சொல்வது அறிவியல்படியும் சரி. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், நரம்பு நுனியில் சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற புரதக் கதவைத் திறக்கிறது. அதே கதவு 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டாலும் திறக்கும். மூளைக்கு இரண்டும் ஒன்றே. இதை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு போடுங்கள். வாய் எரிந்தால் பால் அல்லது தயிர். சூடான காபி எரிச்சலை ஏற்றும்.

கேள்வி: படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுற்றுகிறது, அரைநிமிடத்தில் நிற்கிறது. ஒரு மாதமாகத் தலைசுற்றல் மாத்திரை. பலனில்லை.

பதில்: நீங்கள் சொல்வது உள்காதுக் கற்கள் இடம்மாறியதன் அடையாளம். காதுக்குள் ஒரு பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். சில உதிர்ந்து, திரவம் நிரம்பிய அரைவட்டக் குழலுக்குள் போய்விட்டன. புரளும்போது அவை உருண்டு திரவத்தைத் தள்ள, தலை நின்றபின்னும் ‘சுற்றுகிறாய்’ என்று செய்தி போகிறது. மாத்திரையால் கல்லை நகர்த்தமுடியாது.

நகர்த்த எப்லி முறை இருக்கிறது. வலது காதுக்குச் சொல்கிறேன். கட்டிலில் கால்நீட்டி உட்கார்ந்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்புங்கள். தோளுக்கடியில் தலையணை வரும்படி சட்டென்று மல்லாந்து படுங்கள், தலை சற்றுப் பின்னால் சாயவேண்டும். சுற்றல் வரும், நின்றபின் 30 நொடி காத்திருங்கள். தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி 30 நொடி. உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து, முகம் தரையைப் பார்க்க 30 நொடி. பிறகு முகவாயைத் தாழ்த்தியபடி எழுந்து உட்காருங்கள். நடுவில் தலையைத் தூக்கினால் கல் வந்தவழியே திரும்பும், பலன் தராததற்கு அது ஒரு முக்கியக் காரணம். முதல்முறை காது-மூக்கு-தொண்டை மருத்துவர் முன்னால் செய்துகொள்வது நல்லது. கழுத்தெலும்புப் பிரச்சினை, விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் தாமாகச் செய்யவேண்டாம்.

சுற்றலோடு இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், ஒருபக்கப் பலக்குறைவு, நிற்கவே முடியாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் இது காதுப் பிரச்சினை இல்லை. 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம்.

கேள்வி: கண்ணாடி கிழித்து மணிக்கட்டில் நரம்பு அறுந்து, தைத்து இரண்டு மாதம். விரல் இன்னும் மரத்தே இருக்கிறது. தையல் தோற்றுவிட்டதா?

பதில்: இப்போதே அப்படிச் சொல்லமுடியாது. தைத்தது உறையைத்தான். அதற்குள் இழை மறுபடி வளர்ந்து போகவேண்டும், வேகம் நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி 18 சென்டிமீட்டர் என்றால் ஆறு மாதம், தொடக்கத்தில் சில வாரத் தாமதம் தனி. வளர்ச்சியை நீங்களே பின்தொடரலாம். விரல்நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்கே தட்டினால் விரலுக்குள் ‘விர்’ரென்று ஷாக் ஓடுகிறதோ, இழை அதுவரை வந்திருக்கிறது. அங்கே பேனாவால் புள்ளி வைத்து, தையலிலிருந்து அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். மாதம் மூன்று சென்டிமீட்டர் அளவில் நகர்ந்தால் காத்திருங்கள். இன்னும் ஒரு மாதம் கழித்தும் புள்ளி தையல் இடத்திலேயே நின்றால், அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு தைத்த மருத்துவரிடம் போங்கள். அதுவரை அந்த விரலால் சூடான பாத்திரம் தொடவேண்டாம்.