அதே சாப்பாடு, கூடும் எடை

கேள்வி: எனக்கு வயது 48. காலையில் மூன்று இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று பல ஆண்டுகளாக ஒரே அளவில்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் பத்து ஆண்டுகளில் 6 கிலோ கூடிவிட்டது. அதுவும் வயிற்றில்தான் தெரிகிறது. தைராய்டு பரிசோதனையில் குறை இல்லை. காரணம் என்ன?

பதில்: வயதானால் வளர்சிதை மாற்றம், அதாவது உடல் ஆற்றலை எரிக்கும் வேகம், மந்தமாகிவிடும் என்பதே பலரும் சொல்லும் விளக்கம். ஆனால் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வு, உடலின் அளவையும் தசையையும் கணக்கில் கொண்டால் 20 வயது முதல் 60 வரை அந்த வேகம் ஏறத்தாழ மாறுவதில்லை என்று காட்டியது. அதன் பிறகே ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் குறைகிறது.

உங்களுக்குக் கூடியது ஆண்டுக்கு 600 கிராம். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதால், நாளொன்றுக்கு மிஞ்சியது சராசரியாக 13 கலோரிதான், அதாவது காபியில் போடும் ஒரு கரண்டி சர்க்கரையைவிடக் குறைவு. இவ்வளவு சிறிய வித்தியாசத்தை எவராலும் தட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நீங்கள் பொய் சொல்லவில்லை.

முப்பதைத் தாண்டியதும், பயிற்சி இல்லாதவர்களுக்குத் தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. ஒரு கிலோ தசை ஓய்வில் எரிப்பது நாளுக்குச் சுமார் 13 கலோரி மட்டுமே என்பதால், இதைச் சிலர் மிகைப்படுத்துகிறார்கள் என்றே நான் கருதுவேன். பெரும்பாலானோரிடம் அதைவிடப் பெரிய இழப்பு நடமாட்டத்தில்தான்: பிள்ளைகளின் பின்னால் ஓடியதும், பேருந்து நிறுத்தத்துக்கு நடந்ததும், மாடியேறியதும் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால், தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது.

எனவே எடையைவிட இடுப்புச் சுற்றளவைக் கவனியுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர்தான் எல்லை. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். மூன்று இட்லியை இரண்டாக்கி முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்ப்பதும், தினசரி நடையோடு வாரம் இருமுறை நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, எடை தூக்குவது போன்ற தசைப் பயிற்சி செய்வதும் மேலானவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் ஆகியவையும் எடையைக் கூட்டும். அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. சில வாரங்களிலேயே எடை மளமளவென ஏறினாலோ, காலில் வீக்கமோ மூச்சிரைப்போ சேர்ந்து வந்தாலோ, அதை வயதின் கணக்கில் எழுதாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.