வாசகர் கேள்வி–பதில்: முதல் விசிலுக்கு முந்திய மாதங்கள்

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் மகளிர் வாட்டர் போலோ அணியில், அதாவது குளத்தில் மிதந்தபடி பந்தை எதிரணியின் கோலுக்குள் எறியும் ஆட்டத்தின் அணியில், தம் மகள் சேர்ந்திருப்பதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். அதே விளையாட்டைப் பற்றி வேறு சிலரும் கேட்டிருந்ததால், அந்தக் கடிதங்களுக்கெல்லாம் இந்த இதழில் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: போட்டிகள் ஜனவரியில்தான் தொடங்கும் என்று மகள் சொல்கிறாள். ஆனால் செப்டம்பர் மாதத்திலிருந்தே விடியற்காலையில் எழுந்து குளத்துக்கு ஓடுகிறாள். இவ்வளவு முன்னதாகவே பயிற்சி எதற்கு? படிப்பு கெட்டுவிடாதா?

பதில்: அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண்களின் வாட்டர் போலோ போட்டிகள் இலையுதிர் காலத்தில் நடக்கின்றன, பெண்களுக்கு ஜனவரியில் தொடங்கி, மே மாதத் தேசியப் போட்டியோடு முடிகின்றன. பருவம் தொடங்கிய பிறகு வாரந்தோறும் ஆட்டமும் பயணமும் இருக்கும். ஒரு சனி, ஞாயிறுக்குள் மூன்று, நான்கு ஆட்டங்கள் ஆட வேண்டிய தொடர்களும் வரும். அப்போது உடலைப் புதிதாக வலுப்படுத்த நேரம் கிடைக்காது. ஏற்கெனவே சேர்த்து வைத்த வலுவைக் காத்துக்கொள்ளத்தான் முடியும். ஆகவே உங்கள் மகள் இப்போது செய்வதை முன்னேற்பாடு என்று மட்டும் எண்ண வேண்டாம். மே மாதத்தில் நான்காவது கால்பகுதியின் கடைசி நிமிடத்தில் அவரால் நீருக்கு மேல் எழ முடியுமா என்பது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான் தீர்மானமாகிறது.

படிப்பைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அதற்காகவே அங்குள்ள கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. சில வரம்புகளை விதித்திருக்கிறது. அதன் முதல் பிரிவில், போட்டிப் பருவத்தின்போது கட்டாயப் பயிற்சி நாளொன்றுக்கு 4 மணி நேரத்தையும் வாரத்துக்கு 20 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு தர வேண்டும். பருவத்துக்கு வெளியே இந்த அளவு இன்னும் குறைவு. ஆனால் பேருந்தில் போய் வரும் நேரமும், காயத்துக்குச் சிகிச்சை பெறும் நேரமும், தானாக முன்வந்து செய்யும் கூடுதல் பயிற்சியும் இந்தக் கணக்கில் வருவதில்லை. எனவே தேர்வு அட்டவணையையும் ஆட்டங்களின் அட்டவணையையும் மகளை இப்போதே அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் மோதும் வாரங்களைப் பற்றிப் பேராசிரியர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுவது, பின்னால் கெஞ்சுவதைவிட நல்லது.

கேள்வி: பள்ளிக் காலத்தில் நீச்சலில் பதக்கங்கள் வாங்கியவள் நான். கல்லூரி அணியின் தேர்வில் வேகமாக நீந்திக் காட்டினேன். ஆனால் பந்தைக் கையில் வாங்கியதும் மூழ்கத் தொடங்கினேன். என்னிடம் என்ன குறை?

பதில்: உங்களிடம் குறை ஒன்றுமில்லை; இது உங்கள் கால்கள் இன்னும் கற்காத வேலை. நீச்சல் போட்டியில் உடல் படுத்த நிலையில் இருப்பதால் நீரே பாரத்தைப் பெரிதும் தாங்குகிறது. வாட்டர் போலோவில் ஆட்டத்தின் பெரும்பகுதியை நிமிர்ந்த நிலையில் கழிக்க வேண்டும். குளத்தின் தரையைத் தொட முடியாத ஆழத்தில்தான் ஆடுவார்கள். ஒரு கை பந்துக்கும் மற்றொரு கை எதிராளியைத் தடுப்பதற்கும் வேண்டும் என்பதால், மிதக்கும் பொறுப்பு முழுவதும் கால்களிடம் வந்து சேர்கிறது.

அதற்கான உதையை எக்பீட்டர் என்கிறார்கள். முட்டையை நுரைக்க அடிக்கும் கைக்கருவியின் இரண்டு சுழலிகள் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதைப் போல இதில் கால்கள் சுற்றுவதால் வந்த பெயர் அது. நாற்காலியில் அமர்ந்திருப்பதுபோல முதுகை நிமிர்த்தி, தொடைகளை முன்னே உயர்த்தி, முழங்கால்களை இடுப்பைவிட அகலமாக விரித்து வைத்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதியை ஒரு காலில் வலஞ்சுழியாகவும் மறு காலில் இடஞ்சுழியாகவும் சுழற்ற வேண்டும். மார்பு நீச்சலில் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் உதைப்பதால் உடல் எழுந்து எழுந்து விழுகிறது. எக்பீட்டரில் ஒரு கால் உதைத்து முடிக்கும்போது மறு கால் உதைக்கத் தொடங்கிவிடுவதால், உயரம் குறையாமல் ஒரே மட்டத்தில் நிற்க முடிகிறது. பந்தை எறிபவருக்கு அந்த நிலைத்த மட்டமே தரை.

நீங்கள் பந்தை வாங்கியதும் மூழ்கியதற்குக் காரணம், அதுவரை உங்களை அறியாமலே கைகளால் நீரைத் தள்ளி மிதந்திருக்கிறீர்கள் என்பதுதான். முதலில் கைகளை நீருக்குள் வைத்தபடி உதையுங்கள். பிறகு மணிக்கட்டு வெளியே, பிறகு முழங்கை வெளியே, இறுதியாக இரண்டு கைகளும் தலைக்கு மேலே என்று வாரக்கணக்கில் முன்னேறுங்கள். தேறிய வீராங்கனைகள் கனமான பந்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இதைச் செய்வார்கள். முழங்காலின் உட்புறத்தில் வலி தோன்றினால் உடனே அளவைக் குறையுங்கள். இந்த உதை அங்கேதான் மிகுந்த அழுத்தம் கொடுக்கிறது. இடுப்பு மூட்டு நன்றாக விரியாதவர்களுக்கு அந்தச் சுமை முழுவதும் முழங்காலின் மேல் விழும். தினமும் பத்து நிமிடம் இடுப்பை இளக்கும் பயிற்சி செய்யாமல் எக்பீட்டரைக் கூட்டிக்கொண்டே போவதை நான் ஒப்பவே மாட்டேன்.

நீச்சல் பாணியையும் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பந்தைத் தள்ளிக்கொண்டு போகும்போது தலை நீருக்கு மேலே இருக்க வேண்டும், முழங்கைகள் உயர்ந்து பந்துக்கு வேலி கட்ட வேண்டும். உங்கள் வேகம் வீணாகாது. எதிர்த்தாக்குதலில் முதலில் கோலை நெருங்குபவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். தேர்வில் தோற்றதாக நினைக்காமல் அடுத்த ஆண்டும் போங்கள்.

கேள்வி: நீருக்கு அடியில் உதைப்பதும் பிடித்து இழுப்பதும் சாதாரணம் என்று கேள்விப்பட்டேன். பெண் பிள்ளைகளுக்கு இது பாதுகாப்பான விளையாட்டுதானா?

பதில்: "பெண் பிள்ளைகளுக்கு" என்பதை விட்டுவிட்டுக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், உடல் மோதும் எந்த விளையாட்டிலும் ஆபத்து இருபாலருக்கும் உண்டு. பந்தைக் கையில் வைத்திராத வீராங்கனையைப் பிடிப்பதும் அமுக்குவதும் விதிப்படி தவறு. கடுமையான தவறு செய்பவர் ஏறக்குறைய 20 நொடி வெளியேற வேண்டும்; அப்படி மூன்று முறை நேர்ந்தால் ஆட்டத்தில் அதன் பிறகு இறங்க முடியாது. வேண்டுமென்றே அடிப்பதற்கோ உதைப்பதற்கோ தண்டனை இன்னும் கடுமையானது. ஆட்டத்துக்கு முன்னால் நடுவர்கள் விரல் நகங்களையும் கால் நகங்களையும் சோதிப்பார்கள். நகைகளுக்கும் உடலில் எண்ணெய் பூசுவதற்கும் அனுமதி இல்லை. தொப்பியின் இரு பக்கங்களிலும் செவிக் காப்பு உண்டு. இவ்வளவு இருந்தும் நீருக்குள் நடப்பது முழுவதும் நடுவர் கண்ணில் படுவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கீறலையும் சிராய்ப்பையும்விட இரண்டு விஷயங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்று தோள்பட்டை. நீச்சலும் எறிதலும் ஒரே மூட்டின் மேல் விழுவதால், பருவத்துக்கு முந்திய மாதங்களில் எறியும் எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும். தோள்பட்டையின் பின்புறத் தசைகளை ரப்பர் பட்டைகளைக் கொண்டு வலுப்படுத்த வேண்டும். அணியில் இடம் பிடிக்கும் ஆவலில் முதல் வாரத்திலேயே முழு விசையோடு எறிந்து, ஜனவரியில் கரையில் உட்கார நேர்ந்த வீராங்கனைகள் எந்த அணியிலும் இருப்பார்கள்.

மற்றொன்று தலை. பந்தோ முழங்கையோ தலையில் பட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே அன்றைக்கு மீண்டும் குளத்தில் இறங்கக் கூடாது. நீரில் மயங்குவது தரையில் மயங்குவதைவிடப் பல மடங்கு ஆபத்தானது. தலைவலியை மறைத்துவிட்டு ஆடுவது வீரம் ஆகாது என்பதைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே உங்கள் பெண்ணிடம் வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பயிற்சி தொடங்கியதிலிருந்து எனக்கு மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. விளையாட்டு வீராங்கனைகளுக்கு இது இயல்புதான் என்கிறார் தோழி. உண்மையா?

பதில்: பலருக்கு நேர்கிறது என்பது உண்மை, ஆனால் அதை இயல்பென்று விட்டுவிடக் கூடாது. தயவுசெய்து இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் அவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். வீராங்கனைகளிடம் அடிக்கடி காணப்படும் காரணம், செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாமல் இருப்பது. உணவு போதாதபோது உடல் தன் சில வேலைகளை நிறுத்திவைக்கிறது. முதலில் நிற்பவற்றுள் மாதவிலக்கும் ஒன்று. அது நீடித்தால் எலும்பின் உறுதி குறையும், காயங்கள் ஆற நாளாகும். விடியற்காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். முடிந்த உடனே மாவுச்சத்தும் புரதமும் உள்ள உணவைச் சாப்பிடுங்கள். குளத்துக்குள்ளும் வியர்க்கிறது, உடல் நனைந்திருப்பதால் தெரிவதில்லை. ஆகவே கரையில் தண்ணீர் புட்டி இருக்கட்டும். நீச்சல் உடையில் எப்படித் தெரிவோமோ என்ற எண்ணத்தில் உணவைக் குறைப்பவர் நீங்கள் என்றால், அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: பருவம் நெருங்கும்போது அணிகள் எதை அதிகம் பயில்கின்றன?

பதில்: கோல்கீப்பரோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். எதிரணியில் ஒருவர் வெளியேற்றப்படும்போது, கோல்கீப்பர்களை விட்டு எண்ணினால், ஆறு பேர் ஐந்து பேரைத் தாக்கும் வாய்ப்பு கிடைக்கிறது. நெருக்கமான ஆட்டங்கள் பலவும் இந்தச் சில நொடிகளில்தான் முடிவாகின்றன. எனவே டிசம்பரிலும் ஜனவரியிலும் பயிற்சியாளர்கள் இதற்கே நிறைய நேரம் ஒதுக்குவார்கள். கோலுக்கு அருகே நால்வர், வெளியே இருவர் என்று நின்று, எதிரணிக் கோல்கீப்பர் ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பத்துக்கு நகர்ந்து முடிப்பதற்குள் பந்தைக் கை மாற்ற வேண்டும். கோல்கீப்பரைத் தவிர மற்றவர்கள் பந்தை ஒரு கையால்தான் தொடலாம் என்பதால், பந்து நீரில் விழாமல் நேரே உள்ளங்கைக்கு வர வேண்டும். அரை அடி விலகினாலும் வாய்ப்பு போய்விடும். இந்தத் துல்லியம் ஆட்களின் பழக்கத்தால் வருவது. தோழியின் எறி எவ்வளவு வேகமாக வரும், அவர் இடக்கையரா என்பதெல்லாம் யோசிக்காமலே தெரிந்திருக்க வேண்டும். புதிய மாணவிகள் சேரும் ஒவ்வோர் ஆண்டும் இதை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருப்பது கல்லூரி அணிகளுக்கே உரிய சிரமம்.

கேள்வி: கோல்கீப்பராக விரும்புகிறேன். உயரம் கட்டாயமா?

பதில்: கோல் 3 மீட்டர் அகலம், நீர்மட்டத்திலிருந்து குறுக்குக் கம்பம் 90 சென்டிமீட்டர் உயரம். நீண்ட கைகள் உதவும்தான். ஆனால் பந்து வரும் முன்பே கால்களைத் தயாராக வைத்திருப்பவர், தாமதமாக எழும் உயரமானவரை மிஞ்சிவிடுவார். தடுப்பாட்டக்காரர்களைக் குரல் கொடுத்து நகர்த்துவதும் உங்கள் வேலையே. கூச்சத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

கேள்வி: இந்த விளையாட்டில் பெண்களுக்கு உரிய இடம் எப்போது கிடைத்தது? அமெரிக்கக் கல்லூரிகளில் எவை சிறந்தவை?

பதில்: தாமதமாகத்தான் கிடைத்தது. ஆண்களின் வாட்டர் போலோ 1900ஆம் ஆண்டே ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பெண்கள் ஒரு நூற்றாண்டு காத்திருந்து, 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் இறங்கினார்கள். அதற்காக ஆஸ்திரேலிய வீராங்கனைகள் விடாமல் போராடினார்கள். அந்த முதல் இறுதியாட்டத்தில் கடைசி நொடிகளில் யுவெட் ஹிக்கின்ஸ் அடித்த கோலால் ஆஸ்திரேலியா 4–3 என்று அமெரிக்காவை வென்றது. காத்திருந்த அந்தப் பெண்களே அதை முடித்து வைத்ததை எண்ணும்போது இன்றும் மனம் நெகிழ்கிறது.

என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கான தேசியப் போட்டி 2001இல் தொடங்கியது. முதல் பட்டத்தை லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமான யு.சி.எல்.ஏ. வென்றது, 2005 முதல் 2009 வரை தொடர்ந்து ஐந்து முறை அதுவே வென்றது. 2024 வரை நடந்த எல்லாப் போட்டிகளிலும் யு.சி.எல்.ஏ., ஸ்டான்ஃபோர்டு, தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றைத் தவிர வேறு எந்த அணியும் பட்டம் பெற்றதில்லை. மூன்றும் கலிஃபோர்னியாவில் உள்ளவை. ஆயினும் அந்த மூன்றில் இடம் கிடைக்காவிட்டால் எதிர்காலமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2016 ஒலிம்பிக்கிலும் அடுத்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அமெரிக்காவுக்குத் தங்கம் வென்று தந்த அணிகளின் கோல்கீப்பர் ஆஷ்லி ஜான்சன், நாட்டின் மறு கரையிலுள்ள பிரின்ஸ்டனில் படித்தவர்.

கேள்வி: முதலில் எழுதிய தாயின் மற்றொரு கேள்வி. மகள் முதல் ஏழு பேரில் இல்லை என்று தெரிந்துவிட்டது. தொலைபேசியில் அழுகிறாள். என்ன சொல்வது?

பதில்: முதலில் அழ விடுங்கள் அம்மா. நான்கு மாதங்கள் விடியலில் எழுந்த பெண்ணுக்கு அந்த வருத்தம் இருக்கத்தான் செய்யும். அடுத்த நாள் பேசும்போது சிலவற்றை நினைவூட்டுங்கள். இந்த ஆட்டத்தில் மாற்று வீராங்கனைகள் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இறங்கலாம். நான்கு கால்பகுதிகள், ஒவ்வொன்றும் 8 நிமிடம், முழுவதையும் அதே ஏழு பேரால் ஆடிவிட முடியாது. கோலுக்கு நேர் முன்னே நின்று தாக்கும் எதிரணி வீராங்கனையான சென்டரைக் காப்பவருக்கு இரண்டு வெளியேற்றங்கள் விழுந்தவுடனேயே பயிற்சியாளர் கரையிலிருப்பவர்களின் பக்கம் திரும்புவார். அந்த இடத்துக்கு ஆள் குறைவாக இருந்தால், அதைக் கற்றுக்கொள்ள விரும்புவதாக உங்கள் மகளே பயிற்சியாளரிடம் போய்ச் சொல்லட்டும். எந்தத் திறமை தேறினால் இடம் கிடைக்கும் என்று நேரடியாகக் கேட்கட்டும். பெரும்பாலான பயிற்சியாளர்கள் அந்தக் கேள்வியை விரும்புவார்கள். நீங்கள் அவளிடம் கேட்க வேண்டியது "எத்தனை நிமிடம் ஆடினாய்" என்பதை அல்ல. "இன்று பயிற்சியில் யாரைக் காத்தாய், அவளை எத்தனை முறை தடுத்தாய்" என்று கேளுங்கள். அவள் சொல்லத் தொடங்கினால் நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருங்கள்.